குருத்தெலும்பு

குருத்தெலும்பு என்பது, எலும்பைப்போல் இறுகிவிடாமலும் தசையைப்போல் துவண்டுவிடாமலும், அழுத்தினால் சற்று இணங்கி, விட்டதும் தன் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும் வெண்ணிறமான சரீரப் பொருளாகும். தென்னையிலும் பனையிலும் இன்னும் விரியாத இளந்தளிரைக் குருத்து என்கிறோம்; முற்றாத எலும்பு என்ற கருத்திலேயே இதற்கும் அப்பெயர் அமைந்தது எனக் கொள்ளலாம். இறைச்சிக் கடையில் ஆட்டின் நெஞ்செலும்பு வாங்கிப் பழகியவர்கள் இதனை நன்கு அறிவர். விலா எலும்பு மார்பை நெருங்கும் இடத்தில், சிவந்த எலும்பு சட்டென்று முடிந்து, நீலம் பாய்ந்த வெண்மையான ஒரு துண்டு தொடங்குகிறது. எலும்பை வெட்டக் கடைக்காரரின் கனத்த கத்தி வேண்டும். இந்தத் துண்டையோ காய் நறுக்கும் கத்தியே அரிந்துவிடும். அரிந்த முகத்தை உற்றுப் பார்த்தால், எலும்பின் பக்கம் ரத்தம் கசிந்திருக்க, குருத்தெலும்பின் பக்கம் ஒரு துளியும் இல்லாமல், கழுவி வைத்த பீங்கான்போல் இருப்பது தெரியும். தனக்குள் ரத்த நாளம் இல்லாமலே உயிர் வாழும் பொருள் இது. இதன் சிறப்புகளும் இதற்கு நேரும் கேடுகளும் பெரும்பாலும் அந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

பண்டைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் தம் ஸம்ஹிதையில் எலும்புகளை ஐந்து வகையாகப் பகுத்து, மூக்கு, காது, கழுத்து, கண்குழி ஆகிய இடங்களில் உள்ளவற்றைத் தருணாஸ்தி, அதாவது இளம் எலும்பு, என்று குறித்தார். அவர் கணக்கில் மனித சரீரத்தின் எலும்புகள் 300. இன்றைய உடற்கூற்று நூல்களோ வளர்ந்தவர்களுக்கு 206 என்கின்றன. பற்களையும் குருத்தெலும்புகளையும் அவர் சேர்த்து எண்ணியது இவ்வேற்றுமைக்கு ஒரு முக்கிய காரணமாதலால், அதனைப் பிழை என்று தள்ளுவது நியாயமாகாது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குக் கசியிழையம் என்ற பெயர் வழங்குகிறது. குருத்தெலும்பு என்னும் பெயர் தோற்றத்தைச் சொல்ல, கசியிழையம் என்னும் பெயர், பின்னர் விளங்கப்போவதுபோல், தொழிலையே சொல்லிவிடுகிறது.

நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்தால், குருத்தெலும்பில் உயிரணுக்கள் மிகச் சிலவாகவும் அவற்றைச் சூழ்ந்த இடைப்பொருள் மிகப் பெரிதாகவும் காணப்படும். மூட்டுகளைப் போர்த்திய குருத்தெலும்பில் உயிரணுக்கள் கொள்ளளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே. அவை தனித்தோ, ஒரே தாயணுவிலிருந்து பிரிந்த இரண்டு நான்கு அணுக்கள் கூடியோ, சிற்றறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. தம்மைச் சுற்றியுள்ள இடைப்பொருளைத் தாமே சுரந்து, அதற்குள்ளேயே சிறையிருப்பவை என்று அவற்றைச் சொல்லலாம். அந்த இடைப்பொருளோடு கூடிய மொத்த எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை வெறும் நீர். இவ்வளவு நீர் கொண்ட ஒரு பொருள் மனிதனுடைய முழுப் பாரத்தையும் தாங்கி நிற்பது எப்படி என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது.

விடை இரண்டு பொருள்களின் பிணக்கில் இருக்கிறது. ஒன்று, கொலாஜன் என்னும் புரதத்தின் நார்களாலான வலை. இழுத்தால் எளிதில் நீளாதது. மற்றொன்று, அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. நடுவே ஒரு தண்டும், அதிலிருந்து பிரஷ்ஷின் மயிர்போல் நெருங்கிக் கிளைத்த சர்க்கரைச் சங்கிலிகளும் உடையது. அச்சங்கிலிகள் யாவும் எதிர்மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பின் அயனிகளையும் அவற்றோடு நீரையும் தம்பால் இழுத்துக்கொண்டு, இடம் கிடைத்தால் பல மடங்கு விரியப் பார்க்கின்றன. விரிய விடாமல் கொலாஜன் வலை இறுக்கிப் பிடிக்கிறது. இலவம்பஞ்சைத் திணித்துத் தைத்த தலையணை, பஞ்சின் மென்மையாலோ துணியின் மென்மையாலோ அல்லாமல், பொங்க முயலும் பஞ்சுக்கும் விட மறுக்கும் உறைக்கும் இடையிலுள்ள பூசலாலேயே விறைத்து நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். மேலே பாரம் ஏறும்போது உள்ளிருக்கும் நீர் உடனே வெளியேற வழியின்றி அழுத்தமுற்றுப் பெரும் பங்கைத் தானே தாங்குகிறது. பாரம் நீடித்தால் மெல்ல மெல்லக் கசிகிறது. பாரம் நீங்கியதும் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

இந்தக் கசிவும் உறிஞ்சலுமே இதன் போஷணைக்கும் பெருந்துணையாகின்றன. ரத்த நாளமோ நிணநீர் நாளமோ நரம்போ குருத்தெலும்பினுள் செல்வதில்லை. காது, மூக்கு, விலா முதலிய இடங்களில் அதனைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையில் நாளங்கள் உண்டு. அங்கிருந்து ஆகாரம் உள்ளே ஊறிச் செல்லும். மூட்டுப் பரப்பில் அந்த உறையும் கிடையாது. அங்கே மூட்டைச் சூழ்ந்த சவ்வு சுரக்கும் வழவழப்பான மூட்டுநீர்தான் பிராணவாயுவையும் சர்க்கரையையும் கொண்டு சேர்க்கிறது; நடக்கும்போதும் மடக்கி நீட்டும்போதும் ஈரத்துணியைப் பிழிந்து நனைப்பதுபோல் அது உள்ளே போய் வருகிறது. மாதக்கணக்கில் கட்டுப்போட்டு அசையாமல் வைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். அசைவே அதற்கு உணவு என்றால் மிகையாகாது.

குருத்தெலும்பை மூவகையாகப் பிரிப்பது வழக்கம். அவற்றுள் மிகுதியானது பளிங்குக் குருத்தெலும்பு. மேனாட்டார் இதற்கு வைத்த பெயரும் கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. மூட்டுகளின் பரப்பு, மூக்கின் நடுச்சுவர், விலா எலும்புகளின் முன்முனை, குரல்வளையின் பெரும்பகுதி, மூச்சுக்குழல் ஆகியவை இதனால் ஆனவை. மூச்சுக்குழலில் 16 முதல் 20 வரையுள்ள வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல், பின்புறம் திறந்த லாடம்போல் அமைந்துள்ளன. முன்புறம் விறைத்து நின்று காற்றுவழி மூடாமல் காக்க, உணவுக்குழலை அடுத்த பின்புறம் நெகிழ்ந்து கொடுக்கிறது. விலாக்களின் முன்முனை இவ்வாறு இணங்காவிட்டால் மூச்சு இழுக்கும்போது மார்புக்கூடு இத்தனை எளிதாக விரியாது. வயது ஏற ஏற விலாவிலும் குரல்வளையிலும் உள்ள இவ்வகையில் சுண்ணாம்பு படிந்து கடினமாவது சாதாரணம்.

இரண்டாவது வகையான மீள் குருத்தெலும்பில் கொலாஜனோடு எலாஸ்டின் என்னும் சுருங்கி விரியும் நார்களும் சேர்ந்திருக்கும். குரல்வளை மூடியும் புறச்செவியும் இதற்கு உதாரணங்கள். காதை முழுவதும் மடக்கிவிட்டால் அது தானே நிமிர்ந்துகொள்வதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் காதின் அடிமடலில் குருத்தெலும்பே இல்லை. தோலும் கொழுப்புமே உண்டு. நம் பாட்டிமார் பாம்படமும் தண்டட்டியும் அணிந்து தோளைத் தொடுமளவு காதை வளர்க்க முடிந்தது இதனால்தான். கொப்பும் முருகும் அணிவதற்காக மேல்காதைக் குத்தும்போது நிலைமை வேறு. ஊசி அங்கே குருத்தெலும்பைத் துளைத்துச் செல்வதால், புண் சீழ்வைத்தால் ஆறுவது கடினம், காதின் உருவமே குலைந்துவிடவும் கூடும். மல்யுத்தம் செய்யும் பயில்வான்களின் காது சுருங்கிக் கட்டிதட்டிப் போவதும் இவ்வகையே: அடிபட்ட இடத்தில் ரத்தம் தேங்கி, போஷணை தரும் உறையைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்துவிட, அது வாடி, அவ்விடத்தில் ஒழுங்கற்ற புதுப்பொருள் வளர்கிறது.

மூன்றாவது, நார்க் குருத்தெலும்பு. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள 23 வட்டுகளின் புறவளையங்கள் இதனால் ஆனவை. நடுவே நீர் மிகுந்த கூழ்போன்ற பகுதி இருக்கிறது. பகல் முழுவதும் நிமிர்ந்திருப்பதால் வட்டுகளின் நீர் கசிந்து, இரவில் படுத்தபின் மீண்டும் ஊறுகிறபடியால், மாலையில் இருப்பதைவிடக் காலையில் மனிதன் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறான். முழங்காலில் தொடையெலும்புக்கும் கணைக்காலெலும்புக்கும் இடையே உள்ள இரண்டு பிறைவடிவத் தட்டுகளும் இவ்வகைதான். விளையாட்டில் அவை கிழிந்தால், பயனற்ற எச்சம் என்று கருதி முழுவதையும் எடுத்துவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. 1948-இல் ஃபேர்பேங்க் என்னும் ஆங்கில மருத்துவர், அப்படி எடுக்கப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களில் மூட்டு இடைவெளி குறுகியும் எலும்பின் முனை தட்டையாகியும் போவதை எடுத்துக்காட்டிய பிறகே, பாரத்தைப் பரப்பிக் கொடுப்பது அவற்றின் வேலை என்பது மெல்ல உறைக்கலாயிற்று. இப்பிறைகளின் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைக்கலாம், ஆறும். உள் ஓரத்தில் கிழிந்தால் பெரும்பாலும் ஆறுவதில்லை.

கருவில் குழந்தையின் எலும்புக்கூடு பெரும்பாலும் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிறது. மண்டையின் கூரை எலும்புகள் போன்ற சிலவே நேராகச் சவ்விலிருந்து எலும்பாகின்றன. ஏனையவை குருத்தெலும்பால் வார்த்த அச்சாகத் தொடங்கி, நடுவிலிருந்து படிப்படியாக எலும்புக்கு இடம் விட்டு அழிகின்றன. பிறந்த பின்னும், நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே ஒரு மெல்லிய தட்டு மட்டும் எஞ்சுகிறது. இதுவே வளர்ச்சித் தட்டு. இதில் உயிரணுக்கள் அடுக்கிய காசுகள்போல் வரிசையாகப் பிரிந்து பெருகி, பின் பருத்து, சுற்றிலும் சுண்ணாம்பு படியச் செய்து மடிய, அந்த இடத்துக்கு ரத்த நாளங்கள் நுழைந்து எலும்பைக் கொண்டுவருகின்றன. எலும்பு நடுவில் நீள்வதில்லை, முனையில்தான் நீள்கிறது என்பதை ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1727-இல் வெளியிட்ட நூலில் எளிய பரிசோதனை ஒன்றால் காட்டினார். பாதி வளர்ந்த கோழிக்குஞ்சின் இரண்டு அங்குலக் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளி விட்டு இரண்டு துளைகள் இட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது, துளைகளின் இடைவெளியோ அதே அரை அங்குலமாகவே இருந்தது.

குருத்தெலும்பு எக்ஸ்ரே படத்தில் விழாதாகையால் வளர்ச்சித் தட்டு அங்கே ஒரு கருங்கோடாகத் தோன்றும். பருவமடைந்த சில ஆண்டுகளில், ஆண் பெண் இருபாலாரிடத்தும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பின் செயலால், அக்கோடு மறைந்து எலும்பு ஒன்றாகிவிடுகிறது. பெண்களுக்கு இது முன்னதாகவே நிகழும். பிறப்புச் சான்று இல்லாத வழக்குகளில் மணிக்கட்டையும் முழங்கையையும் படம் எடுத்து வயதைக் கணிப்பது இதை வைத்தே. அக்கணிப்பில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும் என்பதையும் மறந்துவிடலாகாது. வைட்டமின் டி குறைந்த குழந்தைகளுக்கு இத்தட்டில் சுண்ணாம்பு படியாமல் கால் வளைந்து போகிறது. அகோண்ட்ரோபிளேசியா என்னும் பிறவிக் குறுமையில், ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தால் இத்தட்டின் வளர்ச்சி தடைப்படுகிறது. அந்த மரபணு 1994-இல் அடையாளம் காணப்பட்டது. கைகால்கள் குறுகியிருக்க, சவ்விலிருந்து நேராக உருவாகும் மண்டைக்கூரை மட்டும் குறையாமல் வளர்வதால் தலை பெரிதாகத் தெரிகிறது.

மூட்டைப் போர்த்திய குருத்தெலும்பின் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டரே. முழங்கால் சில்லின் பின்புறத்தில்தான் அது மிகத் தடித்திருக்கும். அதன் நார்கள் அடியில் எலும்பிலிருந்து செங்குத்தாக எழுந்து, மேலே வளைந்து, பரப்பையொட்டிப் படுத்து, கோயில் மண்டப வளைவுகள்போல் மீண்டும் கீழிறங்குவதாக 1925-இல் ஜெர்மானியரான பெனிங்ஹாஃப் விவரித்தார். பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட எளிதாக இப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டில் உடலெடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை விழுகிறது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகம்.

இத்தனை உழைக்கும் பொருள் பழுதுபட்டால் சீராவதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் 1743-இலேயே லண்டன் ராயல் சங்கத்தின் முன் எழுதி வைத்தார். காரணம், தோலில் வெட்டு விழுந்தால் முதலில் ரத்தம் உறைந்து, அதன் வழியே புது அணுக்கள் வந்து சேர்கின்றன. இங்கே உறையவே ரத்தம் இல்லை. இதனினும் வியப்பான செய்தியை டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். 1950-களிலும் 1960-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கதிரியக்கக் கார்பன், அந்நாளில் உடலில் உருவான பொருள்களிலெல்லாம் புகுந்திருக்க வேண்டும். அதை அளந்து பார்த்தபோது, முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜன் இளமையில் உருவானதேயன்றிப் பின்னர் ஏறக்குறைய மாறவே இல்லை என்று தெரிந்தது. எழுபது வயதில் நாம் மடக்குவது பதினெட்டு வயதில் பெற்ற அதே கொலாஜனைத்தான்.

இந்த மூட்டுக் குருத்தெலும்பு மெல்லிதாகி, நார்நாராகப் பிரிந்து, அடியிலுள்ள எலும்பு வெளிப்படுவதே மூட்டுத் தேய்மானம் என்னும் வியாதி. பொதுமக்கள் பேச்சில் தசைநாணும் பிறைத்தட்டும் குருத்தெலும்பும் எல்லாமே 'ஜவ்வு'தான். மருத்துவரிடம் போய், ஜவ்வு தேய்ந்துவிட்டது என்பார்கள். குருத்தெலும்பில் நரம்பு இல்லாததால் தேய்வு தொடங்கும்போது வலி தெரிவதில்லை. எலும்பும் மூட்டுச் சவ்வும் உறுத்தப்பட்ட பிறகே தெரிகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் தேய்ந்தது வளரும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. சூப்பு ருசியானது, ஆகாரமும்கூட. ஆயினும் அதிலுள்ள கொலாஜன் குடலில் சிதைந்து மற்றப் புரதங்களைப்போலவே ரத்தத்தில் சேருமேயன்றி, முழங்காலை விசாரித்துக்கொண்டு போய்ச் சேருவதில்லை. அடி எலும்பில் சிறு துளைகள் இட்டு ரத்தத்தை வரவழைத்தால் குழி நிரம்பும். ஆனால் நிரம்புவது பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு, பழைய பளிங்கு அன்று. நோயாளியின் குருத்தணுக்களையே எடுத்து வெளியே வளர்த்துத் திரும்ப வைக்கும் முறையைச் சுவீடன் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டனர். முற்றும் தேய்ந்த மூட்டுக்கு, 1962-இல் ஜான் சார்ன்லி இடுப்பில் வெற்றிகரமாக நிலைநாட்டிய செயற்கை மூட்டுமாற்றமே இன்றும் முக்கிய வழி.

ரத்தமின்றி வாழும் இந்தச் சுபாவத்தைச் சஸ்திர சிகிச்சையாளர்கள் அனுகூலமாக்கிக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. புறச்செவி இல்லாமல் பிறந்த குழந்தைக்கு, அதன் விலாக் குருத்தெலும்பையே எடுத்து, மடிப்பும் வளைவுமாகக் காதின் உருவில் செதுக்கி, பக்கத்தலைத் தோலின் கீழ் பொதித்து வைப்பார்கள். அமெரிக்கரான டான்ஸர் 1959-இல் இம்முறையை விளக்கி எழுதினார். நாளங்களைக் கோத்து இணைக்க வேண்டிய அவசியமே இல்லாமல், சுற்றியுள்ள திசுநீரை உறிஞ்சிக்கொண்டு அது அங்கே உயிரோடு இருக்கிறது.