எலும்பிடம் வயது கேட்பவர்கள்

உலா இலக்கியம் நடத்தும்போது பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களையும் விளக்க வேண்டியிருக்கும். பெண்ணை வயதால் பகுத்த இந்த அட்டவணையை யார், யாரைப் பார்த்து வகுத்தார்கள் என்று மாணவிகளிடம் கேட்பேன். மருத்துவத்தின் எலும்பு வயது அட்டவணையிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

குழந்தையின் இடக்கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது எலும்பு வயது. இதற்கு உலகெங்கும் பயன்படும் படத்தொகுப்பை வில்லியம் கிரூலிக்கும் ஐடெல் பைல் என்ற பெண் ஆய்வாளரும் 1950இல் வெளியிட்டார்கள், 1959இல் திருத்தினார்கள். அதிலுள்ள கைகள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் வளர்ந்த, வசதியான வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளுடையவை.

மருத்துவருக்கு இது நல்ல கருவி. எட்டு வயதுச் சிறுமியின் எலும்பு பத்தைக் காட்டினால் பூப்பு முந்தித் தொடங்கியிருக்கலாம். ஆறைக் காட்டினால் வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கலாம், ஊட்டம் போதாமலும் இருக்கலாம். பிறந்த தேதி முன்பே தெரியும். அதற்கும் எலும்புக்கும் உள்ள இடைவெளியைத்தான் மருத்துவர் தேடுகிறார்.

2017இல் வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுக்குப் போட்டியாக வைத்தது. பயிற்சிக்கு 12,611 எக்ஸ்ரேக்கள் தரப்பட்டன. முதலிடம் பெற்ற நிரலின் சராசரிப் பிழை நான்கு மாதங்களுக்குச் சற்று மேல். கேட்க வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிழையைக் குழந்தையின் பிறந்த தேதியோடு ஒப்பிட்டு அளக்கவில்லை. அதே படங்களுக்கு மருத்துவர்கள் சொன்ன எலும்பு வயதோடு ஒப்பிட்டார்கள். மருத்துவர்களோ பெரும்பாலும் கிளீவ்லாந்துக் கைகளைப் பார்த்துச் சொன்னவர்கள். கணினி கற்றது அந்தப் பார்வையை.

மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தால் கேள்வி தலைகீழாகிறது. அங்கே பிறந்த தேதி இல்லை. எலும்பே அதைச் சொல்ல வேண்டும். வயது என்ற எண் ஒரு சிறுமியை என்ன செய்யும் என்பதற்கு, எக்ஸ்ரேக்கு முந்தைய சாட்சி புல்மோனி தாசி. 1890இல் கல்கத்தாவில், கணவன் உறவுகொண்டதால் ஏற்பட்ட காயத்தில் இறந்தாள். அன்றைய சட்டத்தில் இசைவு வயது 10. அவள் அதைக் கடந்துவிட்டாள் என்பதால் அது வன்புணர்ச்சி ஆகவில்லை. கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுச் சிறை. மறு ஆண்டு அந்த வயது 12 ஆனது.

இன்று எல்லை 18. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பள்ளிச் சான்றையும், பிறகு பிறப்புச் சான்றையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை, அல்லது வேறு புதிய மருத்துவச் சோதனை. கணினி நுழையக்கூடிய வாசல் இதுதான். எக்ஸ்ரே சொல்லும் வயதில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு பிழை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லியிருக்கிறது. பெண்ணின் எலும்பு ஆணின் எலும்பைவிட முந்தி முதிர்கிறது. கையெலும்பு முழுக்க மூடியபின் 17ஐயும் 19ஐயும் எந்த நிரலாலும் பிரிக்க முடியாது.

அந்த எக்ஸ்ரே மேசைக்கு வருபவள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஏழைச் சிறுமி. ‘பதினெட்டு வயது மூன்று மாதம்’ என்று கணினி அச்சிட்டால், போக்சோ சட்டத்தின் காவல் அவளுக்குப் போய்விடும். எனவே அந்த எண்ணின் அருகில் பிழையின் அளவையும் அச்சிடச் சொல்வோம்; ஐயத்தின் பலன் சிறுமிக்கே சேரட்டும்.