ஹனோவர் குத்தகைத் தோட்டத்தில் கொட்டை மரமும் நிழல் பழமும்

ஊர் வளவில் மாமரத்தடியில் இஞ்சி, மஞ்சள் வைத்ததுபோல, இங்கே கிளைன்கார்ட்டனிலும் இரண்டு அடுக்காகப் பயிரிடலாம். மேலே ஹாசல்நுஸ், மகரந்தம் சேர இரண்டு வகைகளை நடவேண்டும். ஓரத்து அரைநிழலில் யொஹானிஸ்பேரே, ஸ்டாகல்பேரே நன்றாகக் காய்க்கும்.

வால்நுஸ் வைக்க ஆசை வரும். அதன் யூக்லோன் என்ற பொருள் சில செடிகளை வாட்டும். பெருமரங்களைப் பல சங்கங்கள் அனுமதிப்பதுமில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது. மூன்றிலொரு பங்காவது காய்கனிக்கென்பது 2004ஆம் ஆண்டுக் கார்ல்ஸ்ரூ நீதிமன்றத் தீர்ப்பு.

நிலம் நமதல்ல. தோட்டத்தைக் கையளிக்கும்போது, விதிக்குப் புறம்பான மரத்தைத் தறிக்கும் செலவு நம் கணக்கில்தான் விழும். ஹாசலோ சில வருடங்களிலேயே காய்க்கத் தொடங்கும். நடுமுன் சங்க விதிகளை வாசியுங்கள்.