மிளகுக் கொடியும் ஒரு சான்றிதழும்

வாசனைத் திரவியம் தேடி அறபு வணிகர் இத்தீவுக்கு வந்த வரலாற்றை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அதே வணிகத்தின் அண்மைக்கால அத்தியாயம் ஒன்றும் நம் கவனத்துக்குரியது.

இலங்கை - இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28இல் கைச்சாத்தானது. 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை தன் விவசாயப் பொருட்கள் பலவற்றைச் சலுகையற்ற பட்டியலில் வைத்துக் காத்துக்கொண்டது. நமது மிளகுக்கோ இந்தியச் சந்தை தீர்வையின்றித் திறந்தது. பிற நாட்டு மிளகுக்கு இந்தியாவின் பொதுத் தீர்வை நூற்றுக்கு 70. முள்முருக்கில் கொடி படர விட்டிருந்த மலையகச் சிறு தோட்டக்காரனுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் இத்தனை பெரிய இடைவெளி, எங்கோ விளைந்ததை இங்கு விளைந்ததாகக் காட்டும் ஆசையையும் வளர்த்தது. மிளகுக்கு முகவரி கிடையாது. சான்றிதழ்தான் அதன் பிறப்பிடத்தைச் சொல்கிறது. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று கேரள, குடகு விவசாயிகள் முறையிட்டனர். தீர்வையற்ற சலுகைக்கு ஆண்டுக்கு 2,500 மெட்ரிக் தொன் என்ற எல்லை இடப்பட்டது. வியட்நாமின் விளைச்சல் பெருகி உலக விலை சரிந்தபோது, 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. மீள் ஏற்றுமதிக்காக மிளகு கொண்டுவருவதை இலங்கை தடுத்தது 2019 டிசம்பரில்தான்.

இதில் இழந்தவர் யார்? வயநாட்டுச் சிறு விவசாயி தன் விலையை இழந்தான். மாத்தளைச் சிறு விவசாயி தன் பெயரை இழந்தான். சலுகை எல்லைக்குள் அந்நிய மிளகு புகுந்த ஒவ்வொரு மூடைக்கும் அவனது ஒரு மூடை வெளியே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணிக்கொண்டனர். இலாபம் இருவர் கையிலும் இல்லை.

அக்குறணை, மாத்தளைப் பக்கங்களில் மிளகை நடுவோரிலும் நம்மவர் உள்ளனர். வாங்கி விற்போரிலும் உள்ளனர். எனவே இதைப் பிறர் கதையாக ஒதுக்க முடியாது. உடன்படிக்கை ஒரு வாசலைத் திறக்கும். அதன் வழியே யாருடைய மூடை போகிறது என்பதைக் கண்காணிக்காவிட்டால், கொடி நட்டவன் வாசலிலேயே நிற்பான். பொய்ச் சான்றும் கள்ளத் தராசும் ஒன்றே என்பது நம் வணிகருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதன்று.