தடைக்குப் பின் வந்த கணக்கு: டென்மார்க் பன்றிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் குறைப்பு

மக்கள்தொகையைவிடப் பன்றிகளின் எண்ணிக்கை மிகுந்த நாடு டென்மார்க். அங்கே 1992இல் ஒரு கிலோ பன்றி உற்பத்திக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் ஆன்டிபயாடிக் செலவானது. 2008இல் அது 49 மில்லிகிராமாக இறங்கியிருந்தது. இதை, எடை கூடுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடுத்த சட்டத்தின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம். ஆனால் ஒவ்வொரு மருந்தாகத் தடை செய்ததைவிட, மொத்தப் பயன்பாட்டைப் பண்ணை வாரியாகக் கணக்கில் கொண்டுவந்ததே நீடித்த பலன் தந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று தடையின் வரலாற்றிலேயே இருக்கிறது. எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறு அளவில் கலக்கப்பட்ட அவோபார்சின், மருத்துவமனைகளில் கடும் தொற்றுகளுக்கென ஒதுக்கிவைக்கப்பட்ட வான்கோமைசினின் குடும்பத்தைச் சேர்ந்தது. வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் பாக்டீரியா கால்நடைகளிடம் காணப்பட்டதால், 1995 மே மாதம் டென்மார்க் அவோபார்சினைத் தடை செய்தது. கோழிகளிடம் எதிர்ப்புத்திறன் வேகமாகச் சரிந்தது. பன்றிகளிடமோ சோதித்த என்டெரோகாக்கஸ் ஃபீசியம் மாதிரிகளில் எதிர்ப்புத்திறன் கொண்டவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு; தடைக்குப் பிறகும் அந்த விகிதம் அசையாமல் நின்றது. பன்றிகளுக்கு டைலோசின் என்ற மற்றொரு ஆன்டிபயாடிக் தொடர்ந்து கொடுக்கப்பட்டதே காரணம். வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் டைலோசின் வகை மருந்துகளை எதிர்க்கும் மரபணுவும் பாக்டீரியாவின் ஒரே பிளாஸ்மிடில் (தனி டிஎன்ஏ வளையத்தில்) சேர்ந்திருந்தன. ஆகவே ஒன்றுக்கு இட்ட தீனி மற்றதையும் வாழவைத்தது. 1998 முதல் டைலோசின் பயன்பாடு குறைந்த பிறகே அந்த விகிதம் இறங்கியது. எந்த மருந்தையும் தனியாகப் பிரித்து ஒழுங்குபடுத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட இத்தகைய வளர்ச்சி ஊக்கிகள் 1999 இறுதியில் முற்றிலும் நின்றன. பால் மறக்கடித்த குட்டிகளிடம் வயிற்றுப்போக்கு கூடி, சிகிச்சை மருந்துகளின் செலவும் ஏறியது உண்மை. தடையை எதிர்ப்போர் இன்றும் இதைச் சுட்டுகிறார்கள். ஆனால் உற்பத்தி அதனால் சரிந்துவிடவில்லை. 1992க்கும் 2008க்கும் இடையில் பன்றி உற்பத்தி 1.84 கோடியிலிருந்து 2.71 கோடியாக உயர்ந்தது. குட்டிகளின் அன்றாட எடைக்கூடுதலும் குறையவில்லை.

இந்தக் காலத்தில் அமைதியாக நடந்த இரண்டு மாற்றங்களுக்கே நான் கூடுதல் மதிப்புத் தருவேன். மருந்து எழுதும் கால்நடை மருத்துவரே அதை விற்று லாபம் ஈட்டும் வழி 1995 அளவில் அடைக்கப்பட்டது. 2000இல் தொடங்கிய வெட்ஸ்டாட் தரவுத்தளம், எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து எவ்வளவு போகிறது என்பதைப் பதிவுசெய்தது. அந்தப் பதிவு இருந்ததால்தான் 2010இல் 'மஞ்சள் அட்டை' முறை சாத்தியமாயிற்று: வரம்பை மீறும் பண்ணையாளர் எச்சரிக்கப்படுவார், குறைக்காவிட்டால் கண்காணிப்பும் செலவும் அவர் தலையில் விழும். 2009க்கும் 2011க்கும் இடையில் பன்றிகளுக்கான பயன்பாடு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது.

மருந்து குறைந்தும், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பெரும்பாலான டேனிஷ் பண்ணைகளில் பரவியதே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. விலைக்கு வாங்கிய பன்றிகளோடு அது பண்ணை விட்டுப் பண்ணை சென்றது. வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த துத்தநாக ஆக்சைடும் அதற்குச் சாதகமாக இருந்தது. துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் அந்தப் பாக்டீரியாவிடம் சேர்ந்திருந்தது. மருத்துவ அளவிலான துத்தநாக ஆக்சைடு 2022 ஜூனில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் நின்றது. ஆகவே இந்த எதிர்வாதம் டைலோசின் காட்டியதையே மீண்டும் உறுதிப்படுத்துகிறது.

இந்தப் பாடம் இந்தியாவுக்கும் பொருந்தும். உணவுக்கான கால்நடைகளுக்கான கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கின் தயாரிப்பையும் விற்பனையையும் விநியோகத்தையும் இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. சரியான தொடக்கம் அது. பண்ணை வாரியான மருந்துப் பதிவேடும் அதைத் தொடர்ந்து வரவேண்டும்.