ஒரே லேப்டாப்... 2 டிரைவ்... 2 ஓ.எஸ்! டேட்டா அழியாமல் செட் பண்ணுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வசதியும், பட்டியலில் உள்ள புராசஸரும் தேவை. பழைய லேப்டாப்கள் பலவற்றில் இவை இல்லை. அதற்காக லேப்டாப்பை தூக்கிப்போட வேண்டியதில்லை. பழைய டிரைவில் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். கூடுதலாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, அதில் லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். தேவைப்படும்போது எது வேண்டுமோ அதில் ஆன் செய்யலாம்.

ஆனால் வேலையை சரியான வரிசையில் செய்வது முக்கியம். தர்மபுரி மாவட்டம் சித்தேரி போன்ற மலைக்கிராமத்தில் இருக்கும் ஒரு மாணவருக்கு லேப்டாப் ஆன் ஆகலைன்னா, சர்வீஸ் கடை தேடி அரூர் வரை இறங்கி வரணும். ஒரு தவறான கிளிக்கில் சான்றிதழ், புராஜெக்ட், போட்டோ எல்லாம் போய்விடலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. ஆனால் அங்கே ஒரே ஹார்டு டிஸ்க்கை பிரித்து இரண்டும் போடப்பட்டிருந்தன. அந்த டிஸ்க் பழுதானால் இரண்டும் போச்சு. தனித்தனி டிரைவ் என்றால் ஒன்று பழுதானாலும் இன்னொன்றில் வேலையைத் தொடரலாம்.

முதலில் பார்க்க வேண்டியது

உங்கள் லேப்டாப்பில் இரண்டாவது டிரைவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் எம்.2 ஸ்லாட் இருக்கும். அதிலும் சில ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும், என்.வி.எம்.இ. வகை வேலை செய்யாது. மாடல் எண்ணைச் சொல்லி கேட்டு வாங்குவது நல்லது. எம்.2 ஸ்லாட் இல்லை, டி.வி.டி. டிரைவ் இருக்கிறது என்றால், அதைக் கழற்றிவிட்டு 'கேடி' என்ற சட்டத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். கேடி 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில் வருகிறது. அளந்து பார்த்து வாங்குங்கள்.

தொடங்கும் முன் 4 வேலை

1. முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ, வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வையுங்கள்.

2. விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பரில் எழுதி வையுங்கள். பயாஸ் செட்டிங் மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். கீ இல்லையென்றால் டேட்டாவை திறக்க முடியாது.

3. கன்ட்ரோல் பேனல் பவர் ஆப்ஷனில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசா மூடாது. அந்த நிலையில் லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவில் எழுதினால் ஃபைல் கெடலாம்.

4. லினக்ஸ் ஃபைல் பல ஜி.பி. இருக்கும். சிக்னல் சரியா கிடைக்காத ஊர் என்றால், டவுனுக்கு வரும்போதே டவுன்லோடு செய்து, பூட் ஆகும் பென் டிரைவாக மாற்றி எடுத்துப் போங்கள். உபுண்டு, மின்ட் போன்றவற்றை இன்டர்நெட் இல்லாமலே இன்ஸ்டால் செய்துவிடலாம்.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். இப்போது விண்டோஸ் உள்ள டிரைவைக் கழற்றி வையுங்கள். இதுதான் முக்கியமான ஸ்டெப். இரண்டு டிரைவும் உள்ளே இருந்தால், லினக்ஸ் இன்ஸ்டாலர் தன் பூட் ஃபைல்களை விண்டோஸ் டிரைவில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. பிறகு அந்த டிரைவை எடுத்தால் லினக்ஸும் ஆன் ஆகாது. டிரைவ் கையில் இருந்தால் தவறுதலாக அழிக்கவும் வழியில்லை.

புது எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து, பென் டிரைவில் பூட் செய்து லினக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். அது நன்றாக ஆன் ஆகிறது என்று உறுதியான பிறகு, மீண்டும் ஆஃப் செய்து விண்டோஸ் டிரைவை மாட்டுங்கள். அவ்வளவுதான்.

இனி ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனை அழுத்தினால் இரண்டு டிரைவும் காட்டும். பல லேப்டாப்களில் இது எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். அடிக்கடி பயன்படுத்துவதை பயாஸில் முதலிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரம் மாறினால் பயப்பட வேண்டாம்

லினக்ஸ் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். இது பழுது இல்லை. லேப்டாப் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் இந்திய நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று: அப்டேட் வராத விண்டோஸில் பேங்க் வேலை, ஆன்லைன் விண்ணப்பம் வேண்டாம். அதற்கு லினக்ஸ். விண்டோஸில் மட்டுமே ஓடும் சாஃப்ட்வேருக்கு மட்டும், நெட் இணைப்பு இல்லாமல் பழைய டிரைவ் போதும்.