நச்சுக் காளான் சிகிச்சையின் வரலாறு

நச்சுத்தன்மை கொண்ட காட்டுக் காளான்களை உண்பதால் உண்டாகும் பாதிப்பு காளான் நஞ்சேற்றம் எனப்படுகிறது. உலகெங்கும் இதனால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அமனிடா பேரினக் காளான்கள் சிலவற்றில் உள்ள அமடாக்சின் என்ற நஞ்சே காரணம். சமைப்பதாலும் உலர்த்துவதாலும் இந்நஞ்சு அழிவதில்லை.

காரைக்கால் தொடர்பு

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவின் புனித உரோமைப் பேரரசர் ஆறாம் சார்லசு இறந்தார். காளான் உணவு உண்டபின் அவர் நோயுற்றதாகக் கூறப்படுகிறது; அமனிடா நஞ்சே காரணம் என்று பலர் கருதுகின்றனர். அவருக்குப் பின் எழுந்த வாரிசுரிமைப் போர் சோழமண்டலக் கடற்கரை வரை பரவியது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது.

திருவேட்டக்குடி உள்ளிட்ட காரைக்கால் ஊர்கள் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. நச்சுக் காளானுக்கு மருந்து தேடும் முயற்சி பெருமளவு நடந்ததும் பிரான்சில்தான். பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் துசாரிக் தெ லா ரிவியேர் குதிரைகளில் நச்சுமுறிச் சீரம் தயாரித்தார். அமனிடாவைத் தின்றாலும் முயலுக்குத் தீங்கில்லை என்று நம்பிய வேறு சிலர், 1930களில் முயலின் இரைப்பையையும் மூளையையும் பச்சையாக அரைத்து நோயாளிகளுக்குக் கொடுத்தனர். இவ்விரு முறைகளும் நிலைக்கவில்லை.

நஞ்சை அறிதல்

1869இல் ஷ்மீடபெர்க்கும் கொப்பேயும் ஒருவகைக் காளானிலிருந்து மசுக்காரின் என்ற நஞ்சைப் பிரித்தனர். மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகல், நாடித்துடிப்புக் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு அட்ரோபின் முறிமருந்தாகப் பயன்படுகிறது.

அமனிடாவின் நஞ்சுகள் பிடிபட மேலும் பல ஆண்டுகள் ஆயின. செருமனியில் வீலாண்டின் ஆய்வுக்குழு 1937இல் பலாய்டினையும், 1941இல் அமானிட்டினையும் படிகமாகப் பிரித்தது. அமானிட்டின், உயிரணுவில் ஆர்.என்.ஏ. பாலிமரேசு II என்ற நொதியை முடக்குகிறது என்பது 1970 வாக்கில் தெளிவானது. புரத உற்பத்தி நின்று, கல்லீரல் உயிரணுக்கள் மடிகின்றன.

நோயறிதல்

எந்த நேரத்தில் அறிகுறி தொடங்கியது என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி. வெப்பமண்டலப் புல்வெளிகளில் முளைக்கும் பச்சைச் செவுள் காளான் போன்றவை ஓரிரு மணி நேரத்தில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். உரிய கவனிப்பில் பெரும்பாலோர் தேறிவிடுவர். அமடாக்சினால் வரும் வாந்தி வழக்கமாக 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். பலவகைக் காளான்களைக் கலந்து உண்டிருந்தால் இக்கணக்கு பிழையாகலாம்.

அமடாக்சின் நோயில் ஆபத்தானது இடைநிலைக் கட்டம். ஒரு நாளுக்குப் பின் வாந்தி நின்று, நோயாளி குணமானது போலத் தோன்றுவார். உள்ளே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். இக்கட்டத்தில் வீடு திரும்பியவர்கள் இரண்டொரு நாளில் மஞ்சள் காமாலையுடன் மீண்டும் வருவதுண்டு. எனவே கல்லீரல் நொதிகள், இரத்தம் உறையும் நேரம் ஆகியவை தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன.

வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்த காளான் நல்லது என்பன போன்ற நம்பிக்கைகளுக்கு அடிப்படை இல்லை.

சிகிச்சை

பிரெஞ்சு மருத்துவர் பியேர் பஸ்தியான் தம் சிகிச்சை முறையை நிறுவ 1971, 1974, 1981 ஆகிய ஆண்டுகளில் தாமே அமனிடாவை உண்டு உயிர் பிழைத்தார். ஆயினும் அம்முறை பொதுவழக்காகவில்லை. இன்று நீரிழப்பை ஈடுசெய்தல், செயலூட்டிய கரி, அசிட்டைல்சிஸ்டீன், பால்நெருஞ்சில் விதையிலிருந்து பெறப்படும் சிலிபினின் ஆகியவை கையாளப்படுகின்றன. பென்சிலினும் சில இடங்களில் தரப்படுகிறது. கல்லீரல் செயலிழந்தால் மாற்று அறுவையே வழி. 2023இல் சீன ஆய்வாளர்கள் இண்டோசயனின் பச்சை என்ற சாயம் எலிகளில் அமானிட்டினின் பாதிப்பைக் குறைப்பதைக் கண்டறிந்தனர்.

தமிழகமும் அசாமும்

வைக்கோல் காளான் வளர்ப்பு இந்தியாவில் 1940களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் முயலப்பட்டது. நெல் விளையும் காவிரிக் கழிமுகத்தில் இதற்கு வேண்டிய வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மொட்டுப் பருவத்தில் வைக்கோல் காளானும் நச்சு அமனிடாவும் முட்டை வடிவில் ஒன்றுபோலத் தோன்றும். வளர்ந்த பின் வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகவும், அமனிடாவினுடையது வெண்மையாகவும் இருக்கும். ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் அயல்மண்ணில் ஏமாந்தது இவ்வொற்றுமையால்தான். 2011 ஆண்டிறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இக்காளான் கலந்த உணவை உண்ட இருவர் இறந்தனர்.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்ட 13 பேர் திப்ருகார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். மழைக்காலத்தில் காளான் பறித்துச் சமைப்பது அங்கு தலைமுறை வழக்கம். மருந்துகள் பெருகியபோதும், உண்ட நேரத்தைச் சொல்வதும், மீந்த காளானைக் கையோடு எடுத்துச் செல்வதும், உடன் உண்ட அனைவரையும் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் சேர்ப்பதுமே இன்றும் உயிர் காக்கும் முதற்படிகளாக உள்ளன.