குரோம்பேட்டையில் வாழ்ந்த கண்ணியத் தலைவர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பல்லாவரத்தை அடுத்து வரும் நிலையம் குரோம்பேட்டை. தோலைக் குரோம் முறையில் பதனிடும் தொழிற்சாலை ஒன்று அங்கு எழுந்தமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. தோல் வணிகத்தில் தமிழக முஸ்லிம்கள் ஈடுபட்டிருந்த அளவை அறிந்தோர்க்கு, அவ்வணிகத்திலேயே பெயர் பெற்ற ஒரு பெருமகனார் தம் வாழ்விடமாக அவ்வூரைக் கொண்டது வியப்பளிக்காது. ‘தயா மன்ஸில்’ என்னும் இல்லத்தில் வாழ்ந்த அப்பெருமகனார்தாம் காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலியை ஒட்டிய பேட்டையில், மியாக்கான் ராவுத்தர் அவர்களின் மகனாராக அன்னார் பிறந்தார். தந்தையார் மார்க்க அறிவும் வணிக அனுபவமும் ஒருங்கே உடையவர். பதின்மூன்று வயதிலேயே ஊரில் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கியதும், 1918இல் மஜ்லிஸுல் உலமா தோன்றுவதற்குத் துணைநின்றதும், சமுதாயப் பணி அவருக்குப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றன்று என்பதைக் காட்டும்.

நெல்லையிலும் திருச்சியிலும் பயின்றபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தபோது, பட்டத்தின் வாயிலில் நின்றவர் படிப்பைத் துறந்து வெளியேறினார். அந்நாளில் பி.ஏ. பட்டம் என்பது அரசு உத்தியோகத்திற்கும் சமூக மதிப்பிற்கும் திறவுகோல். அதை வேண்டாமென்று விடுவது எத்துணைப் பெரிய செயல் என்பதைப் பெற்றோராயிருக்கும் வாசகர்கள் நன்கு உணர்வார்கள். அன்று அக்கல்லூரி இருந்தது ஜார்ஜ் டவுனில். 1937இல்தான் அது தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அவர் துறந்த கல்லூரியும் அவர் வாழ்ந்த இல்லமும் இவ்வாறு ஒரே ரயில் பாதையில், சில கல் தொலைவில் அமைந்துவிட்டன!

இங்கே ஒரு கேள்வியை நாம் தட்டிக்கழிக்கலாகாது. பின்னாளில் முஸ்லிம் லீகில் சேர்ந்து, அதன் சென்னை மாகாணத் தலைவராகவும், 1946க்குப் பின் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கிய ஒருவரை விடுதலை வீரர் என்று அழைக்கலாமா? ‘லீக்’ என்ற சொல்லைக் கேட்டதுமே பிரிவினையை நினைப்பவர்கள் இன்றும் உளர். அவர்கள் 1947 டிசம்பரை நினைவுகூர்தல் நன்று. கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. பாகிஸ்தான் பகுதிக்கு அமைப்பாளர் லியாகத் அலி கான். இந்தியப் பகுதிக்கு அமைப்பாளர் இஸ்மாயீல் சாஹிப். முன்னவர் பிரதமராக ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். இவருக்குக் கிடைத்ததோ, சிதறுண்டு அஞ்சிக் கிடந்த ஒரு சமுதாயமும், எங்கும் ஐயத்தோடு நோக்கப்பட்ட ஒரு கட்சிப் பெயருமே.

கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற அறிவுரை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, உள்ளிருந்தும் எழுந்தது. 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் மண்டபத்தில் கூட்டம் கூடியது. கலைப்பதில்லை, இந்திய அரசமைப்பிற்குள் நின்று பணியாற்றுவது என முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. காந்தியடிகள் கொலையுண்டு ஆறு வாரங்கள்கூட நிறைவுறாத நேரம் அது. மனத்துணிவில்லாதவர் அன்று அம்மண்டபத்தின் படியேறியிருக்க மாட்டார்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய பணி தனியே ஒரு நூலுக்குரியது. 1948 நவம்பரில், எந்தச் சமுதாயமும் தனக்கெனவுள்ள தனிச் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொணர்ந்தார். அது தோற்றது. 1949 மே மாதம் தனித்தொகுதி முறைக்காக வாதாடினார். சர்தார் படேல் கடுமையாக மறுத்தார். முஸ்லிம் உறுப்பினரான பேகம் அய்ஜாஸ் ரசூலே அதற்கு உடன்படவில்லை. அதுவும் தோற்றது. தனித்தொகுதி பற்றி இன்று நாம் வேறு கருத்துக் கொள்ளலாம்; இக்கட்டுரையாளனும் அம்முறை நிலைத்திருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்று கருதவில்லை. ஆயின், தோல்வி உறுதியென்று தெரிந்தும் அவையின் நெறி பிறழாமல், குரலுயர்த்தாமல் தம் மக்கள் கருத்தைப் பதிவுசெய்த பண்பை யார் மறுப்பர்?

மொழி விவாதத்தின்போது, 1949 செப்டம்பரில் அவர் பேசியது தமிழர் அனைவரும் போற்றத்தக்கது. தொன்மையே அளவுகோலாயின் அத்தகுதி தமிழுக்கே உரியது என்னும் கருத்தை அச்சபையிலே எடுத்துரைத்தவர் அவர். தமிழ் முஸ்லிம்களின் தாய்மொழி எது என்று ஐயுற்றவர்களுக்கு அப்பேச்சைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

பின்னர் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்று மக்களவையிலும் இருந்தார். மக்களவைக்கு அவரை அனுப்பியது தமிழகமன்று. மலையாள நாட்டு மஞ்சேரித் தொகுதி! நெல்லைத் தமிழரை மலபார் மக்கள் மும்முறை தம் பிரதிநிதியாக ஏற்றதை எண்ணுங்கால், மொழி கடந்த நம்பிக்கை என்பது இன்னதென விளங்கும். 1967இல் அறிஞர் அண்ணாவோடு தோழமை கொண்டு தமிழகத்தின் ஆட்சி மாற்றத்தில் பங்கேற்றதும், இடைவிடாது கல்வியை வலியுறுத்தி வந்ததும் பலரும் அறிந்தவை. 1962இல் சீனப் போர் மூண்டபோது, தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பச் சித்தமாயிருப்பதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நாட்டுப்பற்றை ஐயுற்றவர்களிடம் அவர் வாதம் புரிந்ததைவிட இவ்வாறு விடையளித்ததே மிகுதி.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் அன்னார் இறையடி சேர்ந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அண்ணா சாலையிலுள்ள அரசு மகளிர் கல்லூரியும், தென்சென்னைப் புறநகராகிய மேடவாக்கத்தில் அமைந்த கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் அவர் பெயரோடு உருவாக்கப்பட்டது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. பட்டம் பெறாமல் கல்லூரியை விட்டு வெளியேறியவரின் பெயரைக் கல்லூரிச் சான்றிதழ்களில் தாங்கி, ஆண்டுதோறும் மாணவ மாணவியர் பட்டதாரிகளாக வெளிவருகின்றனர்.